ஒத்திகைப் பொத்தான்

பிப்ரவரி 3, 2023, வெள்ளி

காலை 10.10-க்குப் பிரதி எடுத்தேன். 38 விநாடி. பிழை எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை தொழிலாளர் உதவி மையத்தைத் திறந்ததும் செய்கிற முதல் வேலை இது. மூன்று வருடங்களுக்கு முன் ஜபருல்லா பழக்கிவிட்டார். நத்தம் சாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். என் மகளுக்குக் கல்லூரியில் கிடைத்த அரசு லேப்டாப்பைத் தூக்கிப் போட இருந்தபோது, "குப்பைக்குப் போறத எங்கிட்ட குடுங்க சார், கல்யாணத்துக்குத் தயார் பண்ணித் தாரேன்" என்று வாங்கிப்போய் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தார். கட்டளைகளைத் தட்டத் தெரியாத எனக்காக ஜி-ஆர்சிங்க் என்ற செயலியையும் வைத்தார்.

திரையில் மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. மேல் பெட்டியில் லேப்டாப்பில் இருக்கும் 'குரல்கள்' ஃபோல்டர். கீழ்ப் பெட்டியில் வெளி டிஸ்க். ரன் பொத்தானை அழுத்தினால் மேலே என்ன இருக்கிறதோ அதுவே கீழேயும் ஆகிவிடும். மேலே இல்லாதது கீழே அழிந்துபோகும். அழிவதற்குத் தனியாக ஒரு டிக் உண்டு. அந்த டிக்கைப் போடச் சொன்னது நான்தான். ஒரு தொழிலாளி பயந்துபோய் தன் பதிவை அழிக்கச் சொன்னால், அது எந்த மூலையிலும் மிச்சம் இருக்கக் கூடாது. ஜபருல்லா யோசித்துவிட்டு, "அப்ப ஒவ்வொரு தடவையும் மொதல்ல ஒத்திகை பாத்துருங்க சார்" என்றார். ரன் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒத்திகைக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. எதையும் செய்யாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். முதல் இரண்டு மாதம் பார்த்தேன்.

ஒலிப்பதிவுகள் மட்டும் 1,386. மில் தொழிலாளர்கள் ஒன்பது வருடங்களாக மையத்தின் தொலைபேசியில் சொன்னவை. அவர்கள் சம்மதத்தோடு ஒரு சின்ன ரெக்கார்டரில் பதிந்து, லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, ரெக்கார்டரைத் துடைத்துவிடுவேன். செல்போனில் வைப்பதில்லை, யாருக்கும் அனுப்புவதில்லை. பத்திரிகையில் இருந்த 31 வருடங்களிலும் இதுதான் என் வழக்கம்.

12.30-க்குப் பேச்சியம்மாள் வந்தார். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் தரம் பிரிக்கும் வேலை செய்கிறவர். மாதத்தின் முதல் வெள்ளி தோறும் வருகிறார். இது பதினான்காவது முறை. அவர் மகள் நாகஜோதி 2021 செப்டம்பரில் ஒரு நூற்பாலையில் பஞ்சைச் சீவும் கார்டிங் இயந்திரத்தில் சிக்கி இறந்தாள். வயது 19. இயந்திரக் கோளாறு, யாரும் பொறுப்பில்லை என்றது மில். வழக்கை மூடினார்கள். இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு அவள் எங்களுக்குப் பேசியிருந்தாள். 11 நிமிடம் 20 விநாடி. இயந்திரத்தின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார்கள் என்பதும், சொன்ன சூப்பர்வைசரின் பெயரும் ஏழாவது நிமிடத்தில் வருகின்றன. வேறு சாட்சி இல்லை. மறுவிசாரணை கேட்டுப் போட்ட மனு மார்ச் 20-இல் வருகிறது.

பேச்சியம்மாள் ஏழாவது நிமிடம் வரை கேட்பதில்லை. நாலு நிமிடம் ஆனதும் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்.

"சத்தம் கொஞ்சம் கூட்டுங்க சார்."

"இதுக்கு மேல போகாதும்மா. கீழ பாத்திரக் கடையில தட்டுறாங்க, அதான்."

கேட்டார். சிரித்தார். "எடுத்ததும் ஒங்கள சாப்டீங்களானு கேக்குது பாருங்க. யாரக் கண்டாலும் அதான் கேக்கும். கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர்கிட்டயும் கேட்டுப்புட்டு, அவரு உக்காந்து சாப்ட்டுத்தான் போனாரு."

கிளம்பும்போது, "பத்திரமா இருக்குல்ல சார்?" என்றார்.

"ரெண்டு எடத்துல இருக்கும்மா. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்."

மாலையில் வழக்கறிஞர் மீனலோசனி பேசினார். பதிவின் ஒரு பிரதியைப் பென் டிரைவில் கேட்டார். விசாரணைக்கு முந்தின நாள் கையில் தருகிறேன் என்றேன். "இதோட மூணாவது தடவை கேக்குறேன் சார்" என்றார். வேறு பெண்களின் பெயர்களும் அதில் இருக்கின்றன. கை மாறினால் என் பொறுப்பில் இருக்காது.

பிப்ரவரி 10, வெள்ளி

10.10. பிரதி. 41 விநாடி. டிஸ்க்கில் 9 ஜிபிதான் மிச்சம். பழைய ஊர்வலப் படங்களை ஒருநாள் உட்கார்ந்து கழிக்க வேண்டும்.

பிப்ரவரி 14, செவ்வாய்

லேப்டாப் எழவில்லை. உள்ளே கட் கட் என்று சத்தம். ஜபருல்லா கடைக்கு எடுத்துப்போனேன். காதை வைத்துக் கேட்டார்.

"முடிஞ்சுச்சு சார். இன்னாலில்லாஹி சொல்லிற வேண்டியதுதான். இத்தன வருசம் ஓடுனதே பெருசு."

"உள்ள இருக்குறது?"

"வராது. பெங்களூருக்கு அனுப்பிப் பாக்கலாம், ஆனா தட்டே கீறியிருக்கும்போல. வெளி டிஸ்க்குல பிரதி இருக்குல்ல?"

"வெள்ளிக்கிழமை எடுத்தது இருக்கு."

"அப்ப என்ன சார், ராசா மாதிரி போங்க. புது டிஸ்க் போட்டு, லினக்ஸ் ஏத்தி, பழைய மாதிரியே எல்லாத்தையும் அமைச்சு வைக்கிறேன்."

கடையில் இன்னொருவர் தன் மகளின் கல்யாணப் படங்கள் போய்விட்டதென்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் வேண்டும் என்று அவருக்குச் சொன்னேன்.

பிப்ரவரி 16, வியாழன்

மீனலோசனி மறுபடி. லேப்டாப் பழுதில் இருக்கிறது, டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது என்றேன். அந்த டிஸ்க்கையாவது கொடுங்கள் என்றார். வந்ததும் பார்க்கலாம் என்றேன்.

மனைவி ரெஜினாவுக்குச் சர்க்கரை 212. காபியை நிறுத்தச் சொன்னார் டாக்டர். நிறுத்த மாட்டாள்.

பிப்ரவரி 23, வியாழன்

லேப்டாப்பை வாங்கி வந்தேன். ஜபருல்லா உறவினர் கல்யாணத்துக்குக் கம்பம் போயிருக்கிறார். அவர் மனைவி எடுத்துக் கொடுத்தார். "அவுக சனிக்கெழம வந்துருவாக. வந்து பாத்துக்கிறேன்னு சொல்லச் சொன்னாக" என்றார். சரி என்றேன்.

மூடியின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டியிருந்தார்கள். கடை ரசீதாக இருக்கும். கண்ணாடி கையில் இல்லை. பிய்த்தெடுத்தேன். பிசின் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்ததும் போய்விட்டது. காகிதம் கெட்டியாக இருந்ததால் இந்த நோட்டுக்கு அடையாளத் தாளாக வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

10.10. பிரதி. 4 விநாடி. இவ்வளவு வேகமாக முடிந்ததே இல்லை. புது டிஸ்க்கின் வேகம்.

மதியம் தொழிற்சங்கத்திலிருந்து வந்து மாநாட்டு வீடியோக்களைப் பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். 71 ஜிபி. வெளி டிஸ்க்கில் ஏற்றினேன். இடம் போதுமானதாக இருந்தது.

பிப்ரவரி 25, சனி

ஜபருல்லா காலை 11 மணிக்கு வந்தார். கம்பத்துத் திராட்சை ஒரு பை கொண்டுவந்தார். டிஸ்க்கைச் செருகித் திறந்து பார்த்தார்.

"சார், என்னா வீடியோ மட்டும் இருக்கு?"

"அது சங்கத்தோடது."

"குரல்கள்?"

"அதுலதான் இருக்கணும்."

"ஃபோல்டர் இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல." என் பக்கம் திரும்பினார். "நேத்து ஏதாச்சும் தொட்டீங்களா?"

இல்லை என்றேன். பிரதி எடுப்பதைத் தொடுவது என்று சொல்ல முடியாது.

வெளி டிஸ்க்கும் பழையது. அதற்கும் ஆயுள் முடிந்திருக்கலாம். இரண்டும் ஒரே மாதத்தில் போவது அரிது. ஆனால் நடக்கக் கூடியதுதான்.

பிப்ரவரி 26, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் நினைவில் இல்லை.

பிப்ரவரி 27, திங்கள்

டிஸ்க்கையும் லேப்டாப்பையும் கடைக்குக் கொண்டுபோனேன். டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறது என்று சோதனை சொல்கிறது. ஜபருல்லா செயலியின் பதிவேட்டைத் திறந்தார். அது ஒவ்வொரு முறையும் தான் செய்ததை வரிவரியாக எழுதி வைக்குமாம். எனக்குத் தெரியாது. 'அழிக்கிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல், பிறகு ஒரு கோப்பின் பெயர். அடுத்த வரியிலும் அதே சொல், இன்னொரு பெயர். அவர் உருட்டிக்கொண்டே போனார். அது முடிவதாக இல்லை.

"இந்தா பாருங்க. பிப்ரவரி இருபத்திநாலு. காலைல பத்து பத்து. டிஸ்க்கு சாகல சார். சொன்ன வேலையச் செஞ்சிருக்கு. மேல் பெட்டியில நான் வெறும் ஃபோல்டரத்தான் வச்சிருந்தேன். டிஸ்க்குல இருந்து இங்க கொண்டுவர்றதுக்கு மேலயும் கீழயும் மாத்திப் போடணும், அதுக்குத்தான் சனிக்கெழம வர்றேன்னது. காலியா இருந்ததப் பாத்து அதையும் காலியாக்கிருச்சு."

லேப்டாப்பைச் சாத்தி அதன் மேல்புறத்தைப் பார்த்தார்.

"மூடியில எழுதி ஒட்டியிருந்தேனே சார்?"

காகிதம் எதுவும் இல்லை என்றேன்.

"இல்லயா? நான் ஃபெவிகால் போட்டுல்ல ஒட்டுனேன்." சிறிது நேரம் என்னையே பார்த்தார். "நீங்க பேப்பர்ல இருந்தப்ப கலெக்டரே ஒரு வரி தப்பா எழுதுனா புடிப்பீங்கனு சொல்லுவாங்க."

அழிந்தவற்றைத் தோண்டியெடுக்க ஒரு செயலி இருக்கிறது. அதற்கும் பொத்தான்கள்தான். அழிந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதப்பட்டிருந்தால் வராது என்றார். 71 ஜிபியைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

பிப்ரவரி 28, செவ்வாய்

அடையாளத் தாளில் எழுதியிருப்பது:

'சார், உள்ளே ஃபைல் எதுவும் இல்லை. மேல் பெட்டி காலி. சனிக்கிழமை வந்து நான் மாற்றித் தருகிறேன். அதுவரை ரன் அழுத்த வேண்டாம். அழுத்தியே ஆகவேண்டும் என்றால் முதலில் ஒத்திகை. ஜபருல்லா.'

நீல மை. பெரிய எழுத்து. கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம்.

மார்ச் 1, புதன்

தோண்டியதில் 640 ஒலிக் கோப்புகள் வந்தன. ஒன்றுக்கும் பெயரில்லை, எண்கள்தான். எது யாருடையது என்று கேட்டால்தான் தெரியும். சில முழுசாக இருக்கின்றன. பல துண்டுகள். சில வெறும் இரைச்சல்.

மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டை வைத்துக்கொண்டு முதலிலிருந்து கேட்கத் தொடங்கினேன். மாலைக்குள் 58.

மார்ச் 2, வியாழன்

இன்று 71. வேடசந்தூர் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஓவர்டைம் கணக்கு. ஒருவர் கை விரல் போனதைச் சொல்லிவிட்டு மழை பெய்கிறதா என்று கேட்கிறார். இன்னொருத்தி ஆறு நிமிடமும் அழுகிறாள், நான் "சொல்லும்மா" என்று நாலு முறை சொல்கிறேன்.

நாகஜோதி இல்லை.

மார்ச் 3, வெள்ளி

முதல் வெள்ளி என்பது 12.20-க்குத்தான் நினைவுக்கு வந்தது. படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் லேப்டாப்பின் மேல் துண்டைப் போட்டு மூடினேன்.

பேச்சியம்மாள் முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். நாற்காலியை ஹெட்போன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு முடியாதும்மா. மெசின் ரிப்பேருக்குப் போயிருக்கு."

"அப்பிடியா சார்."

"அடுத்த மாசம் கேக்கலாம்."

"இருவதாந் தேதி கோர்ட்டுல போட்டுக் காட்டுவாங்களா சார், எல்லாரும் கேக்குற மாதிரி?"

"வக்கீலம்மா பாத்துக்குவாங்க."

"ஜட்ஜையாவையும் சாப்டீங்களானு கேக்குற மாதிரி இருக்கும்." சிரித்தார். மேசையைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். வழக்கமாக 2.20 பஸ்ஸுக்குப் போகிறவர் ஒரு மணிக்கே எழுந்துவிட்டார்.

முருங்கைக்காய் நல்ல சதைப்பற்று. ரெஜினா சாம்பார் வைத்தாள்.

மார்ச் 6, திங்கள்

இதுவரை 388. பாத்திரக் கடையில் புதுச் சரக்கு இறங்குகிறது. ஒவ்வொரு அண்டாவையும் தட்டிப் பார்த்து எடுக்கிறார்கள். இரண்டு மணி நேரம் ஒன்றும் கேட்க முடியவில்லை.

மார்ச் 9, வியாழன்

எண் 517. கேட்டது இது:

"வணக்கம், தொழிலாளர் உதவி மையம். சொல்லும்மா, கேக்குறேன். பேரு சொல்லணும்னு இல்ல." பிறகு ஒரு பெண் மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு இரைச்சல், கோப்பு முடியும் வரை.

பேசுவது நான். கோப்பின் நீளம் 11 நிமிடம் 20 விநாடி. அந்த நீளம் வேறு எதற்கும் கிடையாது. ஆறு விநாடி குரல். மீதி இடத்தில் சங்கத்தின் மாநாடு உட்கார்ந்திருக்கிறது.

ஜபருல்லாவிடம் கொண்டுபோனேன். இரண்டு முறை கேட்டார். "இத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்றார். டீ வரவழைத்தார். ஆறிப்போனது.

மார்ச் 10, வெள்ளி

மீதி 123-ஐயும் கேட்டு முடித்தேன். இல்லை.

10.10-க்கு எதையும் அழுத்தவில்லை.

மார்ச் 13, திங்கள்

மீனலோசனியிடம் சொன்னேன். டிஸ்க் பழுது என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"எழுதி வச்சது ஏதாவது இருக்கா?"

இருந்தது. பேசி முடித்த அன்றே நான் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு. இரும்பு பீரோவில் தனிக் கோப்பில் இருந்ததால் தப்பியது. வாசித்தார்.

"'இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி அகற்றப்பட்ட நிலையில் அதனை இயக்குமாறு மேற்பார்வையாளர் ஒருவர் பணித்ததாகத் தெரிவித்தார்.' சார், பத்தொன்பது வயசுப் பொண்ணு இப்படியா பேசிச்சு?"

"சாரம் அதுதான்."

"சாரம் உங்க வார்த்தைல இருக்கு. அவ வார்த்தை எங்க? மேற்பார்வையாளர் ஒருவர்னா யாரு? பேரு எங்க?"

பெயர்களைக் குறிப்பில் எழுதுவதில்லை, அது என் வழக்கம் என்றேன்.

"நினைவுல இருக்கா?"

இரண்டு பெயர்கள் நினைவில் இருக்கின்றன. இரண்டும் அந்த மில் சூப்பர்வைசர்களுடையவை. ஒன்று நாகஜோதி சொன்னது. இன்னொன்று அதே வாரம் வேறொருத்தி வேறு விஷயத்துக்குச் சொன்னது. எது எது என்று பிரிக்க முடியவில்லை. தவறான பெயரைச் சொல்லிவிட்டால் அது ஒரு மனிதனின் வாழ்க்கை.

"நாலு தடவை கேட்டேன் சார் உங்ககிட்ட" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் தன் குமாஸ்தாவிடம்தான்.

மார்ச் 16, வியாழன்

ரெஜினா கேட்டாள்: "அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

இன்னும் இல்லை என்றேன்.

"ஊர்ல ஒருத்தன் ஒரு தப்பு பண்ணா மறுநாள் காலைல ஏழு மணிக்குள்ள அச்சுல கொண்டு வந்துருவீங்க."

மார்ச் 20, திங்கள்

மதுரை. எங்கள் மனு 11.40-க்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. பேசியது முழுவதும் ஆங்கிலத்தில். ஒன்பது நிமிடம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் குறிப்பின் அந்த வரியைத் தமிழிலேயே வாசித்துக் காட்டினார். மூலப் பதிவு இல்லாமல் இதை ஏற்க முடியாது என்றார் நீதிபதி. குரலில் கோபம் இல்லை. என்னையும் ஒரு முறை பார்த்தார். மனு தள்ளுபடி.

பேச்சியம்மாள் கடைசி வரிசையில் மகளின் மில் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் மீனலோசனி அவரைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். பத்து நிமிடம் கழித்து என்னிடம் வந்தார்.

"பாப்பா பேசுனது அழிஞ்சு போச்சாமே சார்?"

"ஆமாம்மா."

"எப்பிடிங்க சார்?"

"மெசின் கோளாறு."

அவர் அட்டையைப் பைக்குள் வைத்தார். சுருக்குக் கயிற்றை இழுத்தார்.

"மில்லுலயும் அப்பிடித்தான் சொன்னாங்க" என்றார்.

ஒட்டன்சத்திரம் பஸ் வரும் வரை இருவரும் ஒரே நிழலில்தான் நின்றோம்.

மார்ச் 24, வெள்ளி

மையத்தைத் திறக்கவில்லை.

மார்ச் 31, வெள்ளி

திறந்தேன். புதிதாக மூன்று பேர் பேசினார்கள். பதிவு செய்யட்டுமா என்று முதல் இருவரிடமும் கேட்கவில்லை. மூன்றாமவர் அவராகவே, "ரெக்கார்டு போட்டுக்கங்க சார், நாளைக்கு எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இருக்கும்ல" என்றார். போட்டேன்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மையத்துக்கு விடுமுறை. முதல் வெள்ளியும் இதுவே. பேச்சியம்மாள் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பன்னிரண்டு மணிக்குப் போய்த் திறந்தேன். பாத்திரக் கடையும் பூட்டியிருந்தது. தெரு அமைதியாக இருந்தது.

12.30-க்குச் செருப்புச் சத்தம்.

அவர் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். "மெசின் கோளாறு இல்லம்மா. நான்தான் அழுத்தினேன். அழுத்தாதீங்கன்னு எழுதி ஒட்டியிருந்தத வாசிக்காம பிச்சு எடுத்துட்டு அழுத்தினேன்." நோட்டிலிருந்து காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் வைத்தேன்.

"தெரியும் சார்."

"வக்கீலம்மா சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. போன மாசம் மெசினு ரிப்பேருக்குப் போயிருக்குனு சொன்னீங்க. துண்டுக்கு அடியில அது இருந்துச்சு. சின்ன லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க சொல்லுவீங்கனு இருந்தேன். கோர்ட்டு வாசல்லயாச்சும் சொல்லுவீங்கனு இருந்தேன்."

காகிதத்தை எடுத்து மறுபடி நோட்டுக்குள் வைத்தேன்.

"ஒண்ணுமே மிச்சமில்லையா சார்?"

நான் பேசும் ஆறு விநாடி இருக்கிறது என்றேன். போடச் சொன்னார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். என் வணக்கம் முடிந்தது. அந்த மூச்சு வந்த இடத்தில் அவர் கை தானாக உயர்ந்து ஹெட்போனை அழுத்திப் பிடித்தது. பிறகு இரைச்சல். கழற்றவில்லை. இரைச்சலைக் கேட்டபடியே பேசத் தொடங்கினார்.

"சார், சாப்டீங்களா? நான் நாகஜோதி பேசுறேங்க. பேரு சொன்னா தப்பில்லல்ல? ஆஸ்டல்ல இருந்து பேசல, கடையில இருந்து பேசுறேன். வார்டன் அக்கா கோயிலுக்குப் போயிருக்கு. எங்கம்மாவுக்குச் சொல்லிறாதீங்க சார், அது பயந்துக்கும், உடனே பஸ் ஏறி வந்துரும்..."

பென்சிலை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. இருமல் வரும் இடத்தில் இருமினார். கடைக்காரர் நடுவில் சில்லறை கேட்கும் இடத்தில் நிறுத்தி, "இந்தா அண்ணே" என்றார். பதினான்கு முறை கேட்டிருக்கிறார். நாலு நிமிடம் அப்படியே வந்தது.

"...கார்டிங்ல போட்டுருக்காங்க சார் என்னைய. மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப என்னான்னா..."

நிறுத்தினார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதுக்கு மேல நான் கேட்டதில்ல சார். பயமா இருக்கும்." என் பென்சிலைப் பார்த்தார். "நீங்க கேட்டீங்கல்ல. நீங்க சொல்லுங்க."

முயன்றேன். அவள் எப்படித் தொடங்கினாள் என்று யோசித்தேன். மூடி என்றாளா, கவர் என்றாளா. பயமாக இருக்கிறது என்றாளா, இல்லை சிரித்துக்கொண்டே சொன்னாளா. பென்சிலைப் பிடித்தபடி சுவரைப் பார்த்தேன். எனக்கு வந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். நான் எழுதியது. அதைச் சொன்னேன்.

முடிக்கும் வரை காத்திருந்தார்.

"இது பாப்பா இல்ல சார்" என்றார்.

2.20 பஸ்ஸுக்குக் கிளம்பினார். அடுத்த மாதம் வருவதாகச் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

எழுதிய தாளை ஸ்கேன் செய்து 'குரல்கள்' ஃபோல்டரில் போட்டேன். டிஸ்க்கைச் செருகினேன். ஒத்திகைப் பொத்தானை அழுத்தினேன். போன வாரப் பதிவும் இந்தத் தாளும் போகும், எதுவும் அழியாது என்று காட்டியது. இரண்டு முறை வாசித்தேன். பிறகு ரன்.

ஒரு விநாடிகூட ஆகவில்லை.